தடுப்பூசியில் இல்லாத வகைகள்தான் இப்போது அதிகம் என்றால், பிசிவி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வாரம் முடியப்போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிராகப் பிசிவி என்று ஒரு ஊசி இலவசமாகப் போடுவார்களாம். இங்கிலாந்தில் பல வருடங்களாக இதைப் போட்டும், அங்கே இப்போது வரும் கடுமையான நியூமோகாக்கல் தொற்றுகளில் பெரும்பாலானவை ஊசியில் இல்லாத வகைகளால்தான் வருகின்றன என்று படித்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்ட பிறகும் நிமோனியா வந்தது. அப்புறம் இதைப் போட்டு என்ன பயன்? போடுவதென்றால் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போடுவது மேலா? வீட்டில் சர்க்கரை நோய் உள்ள மாமனாரும் இருக்கிறார்.

பதில்:

நீங்கள் படித்தது பொய்யில்லை. அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. பங்கு வேறு, எண்ணிக்கை வேறு. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை, கற்பனைதான். அங்கே வருடத்துக்கு 100 குழந்தைகளுக்குக் கடுமையான நியூமோகாக்கல் தொற்று வருகிறது. 80 பேருக்கு ஊசியில் உள்ள வகைகளால், 20 பேருக்கு ஊசியில் இல்லாத வகைகளால். ஊசி வந்து சில வருடங்களில் அந்த 80 என்பது 2 ஆகிறது. இந்த 20 கொஞ்சம் ஏறி 28 ஆகிறது. இப்போது மொத்தம் 30. அதில் 28 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 93 பேருக்கு, ஊசியில் இல்லாத வகை. செய்தியில் இந்த 93தான் வரும். முன்பு படுத்திருக்க வேண்டிய 70 குழந்தைகள் மருத்துவமனைக்கே வரவில்லை என்பது அந்த வரியில் இருக்காது. ஊசி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அந்த சதவீதம் அவ்வளவு பயங்கரமாகத் தெரியும்.

ஆனால் அந்த 20 ஏன் 28 ஆனது? அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் நியூமோகாக்கஸ் வளர்ந்தால் சுற்றிலும் மங்கலான பச்சை நிறம் படரும். நடுவில் குழி விழுந்த சின்னச் சின்ன வட்டங்களாகக் கிருமிக் கூட்டம் தெரியும். ஆப்டோசின் என்ற மருந்து தோய்ந்த சிறிய வில்லையைத் தட்டில் வைப்போம். அதைச் சுற்றி 14 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் வளர்ச்சி இல்லாவிட்டால் நியூமோகாக்கஸ்தான். ஆனால் எந்த நியூமோகாக்கஸ்? இந்தக் கிருமியின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஓர் உறை இருக்கிறது. அந்தச் சர்க்கரையின் அமைப்பைப் பொறுத்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6பி, 14, 19ஏ என்று எண்ணும் எழுத்துமாகப் பெயர். குறிப்பிட்ட வகைக்கான எதிர்ப்புச் சீரத்தில் ஒரு துளி சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், பொருந்தும் வகையின் உறை உப்பியது போலப் பளிச்சென்று தெரியும். நாய்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் 1902ல் கண்ட வழி. இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

நம் உடல் எதிர்ப்பு சக்தியை உருவாக்குவதும் இந்த உறைக்கு எதிராகத்தான். ஒரு வகைக்கு எதிரான சக்தி பெரும்பாலும் இன்னொரு வகையைத் தொடாது. எனவே நூறு வகையில் எந்தப் பத்து, எந்தப் பதின்மூன்று குழந்தைகளை அதிகம் சாய்க்கிறதோ அவற்றைப் பொறுக்கி எடுத்துத்தான் ஊசி செய்கிறார்கள்.

இந்தக் கிருமி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும். சளி ஒழுகிக்கொண்டு ஓடியாடும் இரண்டு வயதுப் பிள்ளைதான் இதன் நிரந்தர விலாசம். பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். காதுக்குள் போனால் சீழ் வடியும். நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. ரத்தத்திலோ மூளையைச் சுற்றியுள்ள நீரிலோ நுழைந்துவிட்டால்தான் 'கடுமையான தொற்று' என்று கணக்கெடுப்பில் வரும். மூளைக்காய்ச்சலில் பிழைக்கும் குழந்தைகளிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகும். 2015ல் மட்டும் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 3 லட்சம் குழந்தைகள் நியூமோகாக்கஸால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கான ஊசி முன்பே இருந்தது. 1977ல் 14 வகைகளுக்கு, 1983ல் 23 வகைகளுக்கு. அதில் உறையின் சர்க்கரை மட்டும்தான். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடலுக்கு வெறும் சர்க்கரையைக் கண்டால் பாதுகாப்பு உருவாக்கத் தெரியாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் அடையாளம் கண்டுகொள்ளும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். பிணைப்பு ஊசி, அதாவது பிசிவி, இப்படி வந்தது. இந்த வகை ஊசிக்கு இன்னொரு குணமும் உண்டு: ஊசியில் உள்ள வகைகள் மூக்கில் குடியேறுவதையும் குறைக்கும்.

இந்த இரண்டாவது குணத்தில்தான் நல்லதும் இருக்கிறது, உங்களைக் குழப்பிய விஷயமும் இருக்கிறது.

முதலில் நல்லது. அமெரிக்காவில் 2000ல் ஏழு வகை ஊசி குழந்தைகளுக்கு வந்தது. அதற்கு முன் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வருடத்துக்கு ஏறக்குறைய 700 பேருக்கு இந்தக் கிருமியால் மூளைக்காய்ச்சல், 13,000 பேருக்கு ரத்தத்தில் தொற்று, 200 மரணங்கள். 2007க்குள் அந்த வயதில் கடுமையான தொற்று லட்சத்துக்குச் சுமார் 99 என்பதிலிருந்து 24க்கு வந்தது. ஊசியே போடாத 65 வயதைத் தாண்டியவர்களிடமும் 37 சதவீதம் குறைந்தது. பேரப்பிள்ளையின் மூக்கில் அந்த வகைகள் இல்லாததால் தாத்தா பாட்டிக்குத் தொற்றவில்லை. 2003ம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, ஊசியால் தவிர்க்கப்பட்ட தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊசி போடாதவர்களுக்கு வராமல் போனவை என்று தெரிந்தது. இப்படி ஊசி போட்டவரைவிடப் போடாதவருக்கு அதிகம் பலன் கொடுத்த கதை மருத்துவத்தில் அபூர்வம்.

இப்போது குழப்பத்துக்கு வருவோம். கூட்டமான பஸ்ஸில் ஏழு பேர் இறங்கினால் சீட் காலியாகவா இருக்கும்? நின்றுகொண்டிருந்தவர்கள் உட்காருவார்கள். மூக்கிலும் அதுதான் நடந்தது. ஏழு வகைகள் காலி செய்த இடத்தில் மற்ற வகைகள் குடியேறின. நல்லவேளையாக, அப்படி உட்கார்ந்தவற்றில் பல சாதுவானவை. மூக்கில் இருக்கும், ரத்தத்துக்குள் அவ்வளவு எளிதில் போகாது. அதனால்தான் மூக்கில் கிருமி இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டாலும் நோய் சரிந்தது.

ஆனால் எல்லாமே சாது இல்லை. 19ஏ என்ற வகை அமெரிக்காவில் எல்லா வயதினரையும் சேர்த்து லட்சத்துக்கு 0.8 என்பதிலிருந்து 2007க்குள் 2.7க்கு ஏறியது. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத வகை வேறு. அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் நிலைமை இன்னும் மோசம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் முதல் மூன்று வருடங்களில் தொற்று 67 சதவீதம் குறைந்து, அடுத்த மூன்று வருடங்களில், குறைந்திருந்த அளவிலிருந்து 82 சதவீதம் ஏறியது. தடுப்பூசியை ஆதரித்துப் பேசும் சிலர் இந்த அலாஸ்கா விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லாமல் விட்டால், பின்னால் வேறொருவர் சொல்லும்போது மக்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். 2010ல் 19ஏயையும் சேர்த்துப் பதின்மூன்று வகை ஊசி வந்த பிறகு அலாஸ்காவிலும் தொற்று இறங்கியது. அமெரிக்கா முழுவதற்கும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு லட்சத்துக்கு 10க்கும் கீழே போனது. ஏழோடு நிற்காமல் ஊசியை மாற்றியதால் வந்த பலன் இது.

நீங்கள் படித்த இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே ஏழு வகை ஊசி 2006 செப்டம்பரில், பதின்மூன்று வகை 2010 ஏப்ரலில். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை லண்டன் காலின்டேலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பி வகை பார்ப்பது அங்கே வழக்கம். அதனால் கணக்கு சுத்தமாக இருக்கும். எல்லா வயதினரையும் சேர்த்தால், 2013-14ல் கடுமையான தொற்று, ஊசிக்கு முந்தைய காலத்தைவிட 56 சதவீதம் குறைவு. 2016-17ல் 37 சதவீதம்தான் குறைவு. அதாவது சரிந்த கோடு திரும்பி ஏறியிருக்கிறது. 8, 12எஃப், 9என் என்ற மூன்று வகைகளே அந்த வருடத் தொற்றுகளில் 40 சதவீதத்துக்கு மேல். மூன்றுமே பதின்மூன்று வகை ஊசியில் கிடையாது.

இதைத்தான் 'தடுப்பூசி தோற்றது' என்று சிலர் எழுதினார்கள். அப்படிச் சொல்லும் முன் அந்தக் கணக்கை வயது வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தின் பெரும்பகுதி வயதானவர்களிடம். முதல் ஏழு வகைகள் ஊசிக்கு முந்தைய அளவில் 97 சதவீதம் ஒழிந்து, ஒழிந்தபடியே இருக்கின்றன. இங்கிலாந்தில் பெரியவர்கள் இலவசமாகப் பெற்ற மறைமுகப் பாதுகாப்பில் ஒரு பகுதியைப் புது வகைகள் திருப்பி எடுத்துக்கொண்டன. குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு பெருமளவு நிற்கிறது. அந்த அரசும் இந்த ஏற்றத்தைப் பார்த்துக் குழந்தைகளுக்கான ஊசியை நிறுத்தவில்லை. பழைய வகைகள் அவ்வளவு அடங்கியிருந்ததால் 2020 ஜனவரியில் முதல் வயதுக்குள் இரண்டு தவணை என்றிருந்ததை ஒன்றாகக் குறைத்து, ஒரு வயதில் ஊக்கத் தவணையை வைத்துக்கொண்டது.

இந்தக் கோடுகளைப் படிக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பல நாடுகளில் கடுமையான நியூமோகாக்கல் தொற்று சடாரென்று விழுந்தது. ஊசியில் எதுவும் மாறவில்லை. இஸ்ரேலில் குழந்தைகளின் மூக்கைச் சோதித்தபோது கிருமி ஏறக்குறைய முன்போலவே இருந்தது. காணாமல் போனவை ஃப்ளூ, ஆர்எஸ்வி போன்ற சளிக் காய்ச்சல் வைரஸ்கள். அவை மூச்சுப்பாதையைப் புண்ணாக்கிய பிறகுதான் நியூமோகாக்கஸ் உள்ளே இறங்குகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடைக்காது. 2021ல் கட்டுப்பாடுகள் தளர்ந்து வைரஸ்கள் திரும்பியதும் இங்கிலாந்துக் குழந்தைகளிடம் தொற்று ஏறியது. அந்த இரண்டு வருடக் கோட்டை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

சரி, பக்கத்து வீட்டுக் குழந்தை. நிமோனியா என்பது நுரையீரலுக்கு வரும் கேடு, ஒரே ஒரு கிருமியின் பெயர் இல்லை. சிறு குழந்தைகளின் நிமோனியாவில் பெரும்பங்கு வைரஸால் வருகிறது. நியூமோகாக்கஸாகவே இருந்தாலும் அது ஊசியில் இல்லாத வகையாக இருக்கலாம். எந்தக் கிருமி என்று யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஏனென்றால் பார்ப்பது கஷ்டம்.

நம் ஊரில் ஏன் இங்கிலாந்து மாதிரி கோடு போட முடிவதில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், மருந்துக்கடையிலோ பக்கத்து கிளினிக்கிலோ ஆன்டிபயாட்டிக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் பெரிய மருத்துவமனைக்கு வரும்போது ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள். கைக்குழந்தையிடம் ஒன்றிரண்டு மில்லிக்கு மேல் எடுக்க முடியாது. நியூமோகாக்கஸுக்குத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் குணம் வேறு இருக்கிறது. பாட்டில் நேரம் கடந்து கையில் கிடைத்தால், கிராம் சாயத்தில் ஜோடி ஜோடியாக ஊதா நிறக் கிருமிகள் தெரியும், தட்டில் போட்டால் ஒன்றுமே வளராது. எரிச்சலாக இருக்கும். 'வளர்ச்சி இல்லை' என்றுதான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். அந்த ரிப்போர்ட்களைக் கூட்டிப் பார்த்து 'நம் ஊரில் இந்தக் கிருமியே இல்லை' என்று சொன்னவர்கள் உண்டு.

கல்ச்சரில் பிடிபடாத நோய் எவ்வளவு என்பதை ஊசியே காட்டிக்கொடுத்த இடம் காம்பியா. மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிறிய நாட்டில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒன்பது வகை ஊசியைச் சோதித்து 2005ல் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் உறுதியான நிமோனியா, எந்தக் கிருமியாக இருந்தாலும் சேர்த்து, 37 சதவீதம் குறைந்தது. எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மொத்தக் குழந்தை மரணமே 16 சதவீதம் குறைந்தது. ரத்தக் கல்ச்சரை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பலனில் பெரும்பகுதி கண்ணில் பட்டிருக்காது. பெரிய மருத்துவமனை எட்டாத கிராமங்களில்தான் இந்த ஊசிக்கு மதிப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்த ஆய்வு.

இந்தியாவில் எந்த வகைகள் சுற்றுகின்றன என்று 1990களிலேயே பல மருத்துவமனைகள் சேர்ந்து பார்த்தன. வேலூர் சிஎம்சிக்கு அதில் பெரிய பங்கு. 1, 5 என்ற இரண்டு வகைகள் இங்கே கணிசமாக இருப்பது 1999ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது. அமெரிக்காவின் ஏழு வகை ஊசியில் இவை இரண்டும் கிடையாது. அங்கே பிரமாதமாக வேலை செய்த ஊசி இங்கே அரைகுறையாகத்தான் பொருந்தியிருக்கும்.

அரசுத் திட்டத்தில் பிசிவி 2017 மே மாதம் இமாச்சலப் பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கியது. அடுத்து ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம். நாடு முழுவதும் விரிவாக்குவதாக 2021 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வருடம் ஜூலையில் வந்தது. இதற்கு வழி விட்டது விலை. பூனாவில் உள்ள சீரம் நிறுவனம் நியூமோசில் என்ற பத்து வகை ஊசியைச் செய்தது. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று கிடைத்தது. ஏழை நாடுகளுக்கான கொள்முதலில் அப்போது ஒரு தவணை 2 டாலராக இருந்தது. தனியாரில் பதின்மூன்று வகை ஊசிக்கு நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பத்தில் 1, 5, 6ஏ, 6பி, 7எஃப், 9வி, 14, 19ஏ, 19எஃப், 23எஃப் இருக்கின்றன. நம் பக்கத்துக்கு வேண்டியதைப் பார்த்துப் பொறுக்கிய பட்டியல். பதின்மூன்றில் இருந்து இதில் இல்லாதவை 3, 4, 18சி. இதில் 3ம் வகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதன் உறை தடிமன், உறையைக் கழற்றிக் கழற்றி விடும், எதிர்ப்பு சக்தி அந்தக் கழற்றிய உறையிலேயே வீணாகிவிடும். பதின்மூன்று வகை ஊசியில் அது இருந்தும் இங்கிலாந்தில் 3ம் வகை ஒழியவில்லை. அதனால் என் கருத்து: எண்ணிக்கையைப் பார்த்துக் காசு செலவழிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் ஊசி போதும். வசதி இருந்து, உங்கள் குழந்தை மருத்துவர் 13 அல்லது 14 வகை ஊசி போடச் சொன்னால் போடுங்கள், தப்பில்லை. மண்ணீரல் இல்லாத குழந்தை, காதுக்குள் கருவி பொருத்திய குழந்தை, சிறுநீரில் புரதம் போகும் நோயுள்ள குழந்தை, எச்ஐவி உள்ள குழந்தை என்றால் கணக்கே வேறு. அவர்களுக்கு எது, எத்தனை தவணை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அரசு அட்டவணை 6 வாரம், 14 வாரம், 9 மாதம். ஆறாவது வாரத்தில் பென்டாவேலன்ட் ஊசி இடது தொடையில், பிசிவி வலது தொடையில் போடுவார்கள். ஒரே நாளில் இத்தனையா என்று பயப்பட வேண்டாம். அன்று இரவு காய்ச்சலும், ஊசி போட்ட இடத்தில் சிவந்து வீங்குவதும் சகஜம். 10வது வாரம் போனால் பிசிவி இருக்காது, அட்டையில் விட்டுப்போனதாக நினைத்துச் சண்டை போடாதீர்கள். தவற விடுவது பெரும்பாலும் ஒன்பதாம் மாதத் தவணையை. அம்மா வீட்டிலிருந்து ஊர் திரும்பியிருப்பீர்கள், அட்டை எங்கேயோ இருக்கும், குழந்தை நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தவணைதான் மூக்கில் கிருமி குடியேறுவதை நீண்ட நாள் தடுத்துவைப்பது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் அதே நாளில்தான், ஒன்றுக்குப் போனால் இரண்டும் முடிந்துவிடும். ஊர் மாறியிருந்தால் அங்கே உள்ள கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டினாலே போதும், எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாமனாருக்கு அரசுத் திட்டத்தில் இந்த ஊசி கிடையாது. பேத்திக்குப் போடுவதால் அவருக்கும் கொஞ்சம் காப்பு கிடைக்கும், ஆனால் இங்கிலாந்தில் பார்த்தோமே, பெரியவர்கள் விஷயத்தில் அதை முழுதாக நம்பியிருக்க முடியாது. சர்க்கரை நோயோடு வயதும் ஆகியிருப்பதால் அவருடைய மருத்துவரிடம் பெரியவர்களுக்கான நியூமோகாக்கல் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். வருடாந்திர ஃப்ளூ ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள்.